பணியிடப் பாதுகாப்பு நடைமுறைகளை உருவாக்குவது எப்படி: முதல் சுற்றுப்பார்வை முதல் ஷிஃப்ட் மாற்றம் வரை

பாதுகாப்புக் கோப்பு இல்லாத தொழிற்கூடம் அரிது. அந்தக் கோப்பில் எழுதியிருப்பதுபோல வேலை நடக்கும் தொழிற்கூடம் அதைவிட அரிது. வேறெங்கோ எழுதிய நடைமுறையை நகலெடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி, கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தணிக்கைக்கு வருபவரிடம் எடுத்துக் காட்ட அது போதும். ஓடி நின்ற மெஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குப் பயன்படும் நடைமுறையை எப்படி உருவாக்குவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பட்டறை, கிடங்கு, ஆய்வகம், பெரிய சமையலறை எதுவானாலும் வரிசை இதுதான். எதில் எவ்வளவு ஆழமாகப் போவது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும்.

1. எழுதத் தொடங்கும் முன்

நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு போதும். அந்த வேலையை அன்றாடம் செய்பவர் ஒருவர், மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர், சூப்பர்வைசர், பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர். கடைசி ஆள் இல்லாத குழு எடுக்கும் முடிவுகள் எல்லாம் ‘ஹெல்மெட் போடவும்’ என்ற பலகையில்தான் போய் முடியும். மெஷினை மாற்றவோ மறைப்புப் போடவோ செலவு செய்ய யாரும் தயாராக இருக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம். அதற்காகச் சம்பளப் பிடித்தமோ விளக்கம் கேட்டுக் கடிதமோ வராது. நிர்வாகத்தின் தலைமை இதில் கையெழுத்திட வேண்டும். முதல் முறை ஒருவர் லைனை நிறுத்தும்போது சூப்பர்வைசர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து யாராவது நிறுத்துவார்களா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

2. ஆபத்துகளைத் தேடும் சுற்று

மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். வேலை நடக்கும்போது நடந்து பாருங்கள். பகல் ஷிஃப்டில் ஒரு சுற்று, இரவு ஷிஃப்டில் ஒரு சுற்று. இரவில் ஆட்கள் குறைவு, வெளிச்சம் குறைவு, சாவி வைத்திருப்பவர் வீட்டில் இருப்பார். பகலில் இருவர் தூக்கும் பொருளை இரவில் ஒருவரே தூக்கிக்கொண்டிருப்பார்.

வழக்கமான உற்பத்தியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சுத்தம் செய்வது, அடைப்பு எடுப்பது, பிளேடு மாற்றுவது, கரன்ட் போய்த் திரும்ப வரும் நேரம், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து செய்யும் வேலை ஆகியவற்றைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மறைப்பைக் கழற்றுவதும் சென்சாரை ஏமாற்றுவதும் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான் நடக்கும்.

மனிதர்கள் சொல்லாததைப் பொருள்கள் சொல்லிவிடும். கன்வேயர் ஓரமாக ஒரு நீளக் கம்பி சாய்த்து வைத்திருந்தால், பெல்ட் ஓடும்போதே யாரோ அதை விட்டு அடைப்பைக் குத்தி எடுக்கிறார்கள். மறைப்பில் எட்டு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றால் அது தினமும் கழற்றப்படுகிறது. கதவு சென்சாரின் மேல் டேப்பின் பிசின் தடம், ரேக்கின் அடிக்காலில் ஃபோர்க்லிஃப்ட் இடித்த பள்ளம், மஞ்சள் கோடு போட்ட நடைபாதையை விட்டுவிட்டு மெஷின்களுக்கு நடுவே தேய்ந்துபோன தரை: இவை ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு வரி.

ஆட்களிடம் கேட்கும்போது ‘பாதுகாப்பாக வேலை செய்கிறீர்களா’ என்று கேட்டால் ‘ஆமாம் சார்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வேலையில் எது ரொம்பத் தொல்லை?’, ‘புதிதாக வரும் பையனிடம் முதலில் எதைச் சொல்லி எச்சரிப்பீர்கள்?’, ‘எந்த மறைப்பை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் எழுதும்போது பெயர் எழுதாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளுக்கு அளவீடு வேண்டும். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்த அளவை அளந்துவிடுங்கள். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அங்கே இருக்கக்கூடிய நேரம் பாதியாகும் என்பது கண்டிப்பான கணக்கு: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு 1. சில நாட்டு விதிகள் இதைவிடத் தளர்வானவை. தளர்வான கணக்கால் காதுக்கு எந்த லாபமும் இல்லை. தூசியிலும் வெளிச்சக் கீற்றில் மிதப்பதாகக் கண்ணில் படுவதைவிட, கண்ணில் படாத நுண்துகளே நுரையீரலின் ஆழம்வரை போகும். கல், கான்கிரீட் வெட்டும் இடங்களில் சிலிக்கா தூசிதான் முதல் எதிரி.

தூக்கும் எடைக்கு 23 கிலோ என்ற எண்ணைப் பலர் சொல்வார்கள். அது உடலோடு ஒட்டி, இடுப்புயரத்தில், முறுக்காமல், எப்போதாவது தூக்கும் சிறந்த நிலைக்கான மேல்வரம்பு. கையை நீட்டித் தரையிலிருந்து தூக்கினாலோ நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினாலோ வரம்பு வெகுவாக இறங்கிவிடும்.

3. எதை முதலில் கவனிப்பது

நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துவது வழக்கமான முறை. தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே’ என்று வாய்ப்புக்கு 1 போட்டால், உயிர் போகக்கூடிய வேலைகூட 5 மதிப்பெண்ணோடு பட்டியலின் அடிக்குப் போய்விடும். கால் இடறும் வேலை 12 வாங்கி மேலே வந்து நிற்கும். ஆகவே விளைவு மரணமோ நிரந்தர ஊனமோ என்றால் பெருக்கல் தொகையைப் பார்க்காமல் தனிப்பட்டியலில் போடுங்கள். மதிப்பெண் போடும்போது கோப்பில் இருக்கும் பாதுகாப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது; இப்போது தரையில் உண்மையிலேயே வேலை செய்யும் பாதுகாப்புக்கு மட்டுமே மதிப்பு.

4. கட்டுப்பாடு: மேலிருந்து கீழாக

வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆபத்தை அடியோடு நீக்குவது, ஆபத்து குறைந்ததால் மாற்றீடு செய்வது, மறைப்பு போன்ற பொறியியல் ஏற்பாடு, நடைமுறையும் பயிற்சியும், கடைசியில் தற்காப்பு உடை. தெரிந்தும் பெரும்பாலான இடங்களில் கடைசியிலிருந்தே தொடங்குகிறார்கள். கையுறை வாங்க ஒரு நாள் போதும், மறைப்பு செய்ய ஒரு மாதம் ஆகும் என்பதுதான் காரணம்.

தரை வழுக்குகிறது என்றால் எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பம்ப் சீல் கசிந்தால் சீலை மாற்றுவதே பாதுகாப்பு நடவடிக்கை. உயரத்தில் ஏறி விளக்கு மாற்றுவதற்குப் பதில் விளக்கைக் கயிற்றில் கீழே இறக்கும்படி செய்துவிட்டால் ஏணி நடைமுறையே தேவையில்லை.

மறைப்பு வடிவமைப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, தினமும் திறக்க வேண்டிய இடத்தை ஸ்குரூ போட்டு மூடுவது. மூன்றாவது நாளில் அது கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். அங்கே கீல் வைத்த கதவு போட்டு, திறந்தால் மெஷின் நிற்கும்படி சென்சார் இணையுங்கள். உள்ளே பார்க்கத்தான் திறக்கிறார்கள் என்றால் ஒளி ஊடுருவும் தகடு வையுங்கள். திறக்கும் தேவையே குறைந்துவிடும்.

பெஞ்ச் கிரைண்டர் சிறிய மெஷின் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. வேலைப்பொருளைத் தாங்கும் தட்டுக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலே உள்ள தடுப்பு நாக்குக்கும் சக்கரத்துக்கும் 6 மில்லிமீட்டர். சக்கரம் தேயத் தேய இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும், யாரும் தட்டை நகர்த்தமாட்டார்கள். ஒருநாள் பொருள் இடுக்கில் இழுத்துக்கொள்ளும், சக்கரம் உடைந்து சிதறும். புதுச் சக்கரம் போடும் முன் அதில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உலோகம் அல்லாத பொருளால் லேசாகத் தட்டுங்கள். தெளிவான ஒலி வர வேண்டும். மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கலாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தற்காப்பு உடை கடைசி வரிசை என்றாலும் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஆபத்து. டிரில், லேத் போலச் சுழலும் மெஷினில் துணிக் கையுறை போடக் கூடாது. விரலைவிடக் கையுறைதான் முதலில் சிக்கும், கையையும் சேர்த்து இழுக்கும். தூசி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு உரிய வேதிக் கார்ட்ரிட்ஜ் வேண்டும். முகத்தோடு ஒட்டி அடைக்கும் முகமூடிக்குத் தாடி இடைஞ்சல். நுரை இயர்பிளக்கை மெல்லிய உருளையாகத் திரட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இயர்பிளக் பெட்டியில் போட்டிருக்கும் பாதுகாப்பைத் தராது.

5. நடைமுறையை எழுதுவது: ஒரு கன்வேயரை முன்வைத்து

பல இடங்களில் இப்படி எழுதியிருப்பார்கள்: ‘மின்சாரத்தைத் துண்டித்து, உரிய முன்னெச்சரிக்கையுடன் கவனமாகச் சுத்தம் செய்யவும்.’ எந்த ஸ்விட்ச், யார் துண்டிப்பது, வேறு யாராவது திரும்பப் போட்டுவிட்டால் என்ன ஆகும், எது உரிய முன்னெச்சரிக்கை என எதற்கும் இதில் பதில் இல்லை. ‘கவனமாக’, ‘தகுந்த’, ‘தேவைப்பட்டால்’ என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் எழுதியவர் முடிவெடுக்காமல் தப்பித்த இடம். அவற்றை அடித்துவிட்டு எண், பெயர், இடம் எழுதுங்கள். ஒரு படிக்கு ஒரு செயல். எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். உங்கள் பேனலின் படமே அதில் இருக்கட்டும், கேட்டலாக் படம் வேண்டாம்.

மோட்டாரிலும் காற்றழுத்தத்திலும் ஓடும் கன்வேயரைத் திறந்து சுத்தம் செய்வதற்கான பூட்டு நடைமுறை இப்படி அமையும்:

1. லைனில் நிற்கும் எல்லாரிடமும் மெஷின் நிற்கப்போவதைச் சொல்லவும்.

2. வழக்கமான ஸ்டாப் பட்டனால் நிறுத்தவும். ஓடும்போதே ஐசோலேட்டரை (மெஷினுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் ஸ்விட்ச்) இழுத்தால் உள்ளே தீப்பொறி வெடிக்கலாம். எமர்ஜென்சி ஸ்டாப் பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்தும். மோட்டார் வரை மின்சாரம் வந்து நிற்கும். அதை நம்பி உள்ளே கைவிடக் கூடாது.

3. பேனலில் இந்தக் கன்வேயருக்கான ஐசோலேட்டரை (எண் குறிப்பிடவும்) அணைக்கவும். பேனலுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியை இறக்கவும்.

4. உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர், தேதி, நேரம் எழுதிய அட்டையை மாட்டவும். ஒருவருக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, சாவி அவருடைய சட்டைப் பையில். மூன்று பேர் வேலை செய்தால் பல துளை உள்ள கொக்கியில் மூன்று பூட்டு.

5. காற்று வால்வை மூடிப் பூட்டவும். குழாயில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றவும். கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

6. தேங்கிய ஆற்றலை இறக்கவும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எடையைக் கட்டை வைத்துத் தாங்கவும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் காத்திருப்பு நேரம் முடியும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் இருக்கும்.

7. எல்லாரும் விலகி நிற்கிறார்களா என்று பார்த்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும். ஓடக் கூடாது. பட்டனை மீண்டும் நிறுத்த நிலைக்குக் கொண்டுவரவும். வயரைத் தொடும் வேலை என்றால், பயிற்சி பெற்ற எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துச் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் பார்த்து, மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும். நடுவில் டெஸ்டரே செத்துப் போயிருந்தால் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

8. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணி எடுத்து, மறைப்புகளை மாட்டி, ஆட்களை எண்ணி, அவரவர் பூட்டை அவரவரே கழற்றி, லைனில் சொல்லிவிட்டு ஓட்டவும்.

இதில் எங்கே சறுக்கும் என்பதையும் அறிந்து எழுத வேண்டும். வயரிங் மாற்றிய பிறகு பேனல் லேபிளை மாற்றாமல் விட்டிருப்பார்கள்; பூட்டியது ஒன்று, ஓடுவது வேறொன்று. ஏழாவது படி அதற்காகத்தான். ஜெனரேட்டர், யு.பி.எஸ். வழியாக இரண்டாவது வழியிலும் மின்சாரம் வரலாம். பூட்டில்லாமல் அட்டை மட்டும் தொங்கினால் அது வேண்டுகோள்தான். ‘இரண்டு நிமிஷ வேலை’ என்ற சொல்லை யாராவது சொன்னால் அந்த வேலைக்குத்தான் இந்தக் காகிதம் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டைப் போட்டவர் வீட்டுக்குப் போய்விட்டால்? இதற்கு வழி எழுதாத இடங்களில் கட்டர்தான் வழி. அவர் வளாகத்தில் இல்லை என்று உறுதிசெய்து, அவரிடம் பேசி, சூப்பர்வைசர் மெஷினை நேரில் சுற்றிப் பார்த்து, இருவர் கையெழுத்திட்ட பிறகே வெட்ட வேண்டும். அவர் அடுத்த முறை வேலைக்கு வந்ததும், மெஷினைத் தொடும் முன், பூட்டு எடுக்கப்பட்டதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுதி முடித்த பக்கத்தை, அந்த வேலையை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில், செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, அவர் படித்துப் படித்துச் செய்துகாட்டட்டும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் தயங்கி நிற்கும் ஒவ்வொரு இடமும் காகிதத்தின் குறை.

6. பர்மிட் தேவைப்படும் வேலைகள்

சில வேலைகளுக்கு நடைமுறை மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் புதிதாக அனுமதி வேண்டும். பர்மிட்டைக் கொடுப்பவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மேசையில் கட்டுக்கட்டாகக் கையெழுத்தான பர்மிட்டுக்கு மதிப்பில்லை.

*வெல்டிங், கட்டிங்.* சுற்றிலும் 11 மீட்டருக்கு எரியும் பொருளை அகற்றவும். முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடவும். தரை இடுக்கு, குழாய் போகும் துளை, சுவரின் மறுபக்கம் மூன்றையும் பாருங்கள். தீப்பொறி அங்கேதான் போய் உட்காரும். வேலை முடிந்த பின் குறைந்தது அரை மணி நேரம் தீக்காவலர் நிற்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது ஒரு மணி நேரம் என்று கேட்கிறார்கள். புகைந்துகொண்டிருக்கும் மரத்தூள் உடனே எரியாது, எல்லாரும் போன பிறகு எரியும்.

*தொட்டி, பள்ளம், சைலோ போன்ற அடைபட்ட இடங்கள்.* உள்ளே போகும் முன் காற்றைச் சோதிக்கும் வரிசை முக்கியம்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரிவாயு, பிறகு நச்சு வாயு. எரிவாயுவை அளக்கும் பல கருவிகள் சரியாக வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. அது குறைந்த இடத்தில் பொய்யான அளவு காட்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எரிவாயு அதன் கீழ் வெடிவரம்பில் (காற்றில் தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த செறிவு) 10 சதவீதத்தை எட்டினால் நுழையக் கூடாது. மேல், நடு, அடி என மூன்று உயரத்திலும் அளக்கவும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது, செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வேலை முடியும்வரை அளவீடு தொடர வேண்டும். வெளியே நிற்கும் காவலாள் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறங்கக் கூடாது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பதுதான் இந்த விபத்துகளின் பழகிப்போன வடிவம். ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), முக்காலி, வின்ச் மூலம் வெளியிலிருந்தே இழுத்தெடுக்கும் ஏற்பாடு இல்லையென்றால் பர்மிட் இல்லை.

*உயரத்தில் வேலை.* சாய்ப்பு ஏணிக்கு 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடித்தள தூரம், மேலே இறங்கும் இடத்தைத் தாண்டி சுமார் 1 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஹார்னஸ் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போடுவதில்லை. 1.8 மீட்டர் லேன்யார்டு (ஹார்னஸைக் கொக்கியோடு இணைக்கும் கயிறு), அதிர்ச்சி தாங்கும் பகுதி விரிவதற்கு 1 மீட்டருக்குச் சற்று மேல், ஆளின் உயரம், கொஞ்சம் கூடுதல் இடம் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 5.5 மீட்டர். 4 மீட்டர் உயரத்தில் காலடியில் கொக்கி மாட்டி நின்றால் தரைதான் முதலில் தாங்கும். தொங்கிக்கொண்டிருப்பவரைச் சில நிமிடங்களில் இறக்கவும் ஏற்பாடு வேண்டும். அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கும்.

பர்மிட்டோடு சேர்ந்தது ஷிஃப்ட் மாற்றம். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக நிறுத்திவைத்த ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்திருந்தார்கள். குழாய் முனையில் தற்காலிக மூடிதான் இருந்தது. பம்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு வேறொரு பர்மிட். வால்வு கழற்றப்பட்ட செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள், வாயு கசிந்தது. ஆகவே ஒரே கருவியைத் தொடும் பர்மிட்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். அவை மெஷினை இயக்குபவர் கண்ணெதிரே பலகையில் தொங்க வேண்டும். போகும் சூப்பர்வைசரும் வரும் சூப்பர்வைசரும் அந்தப் பலகை முன் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக் கைமாற்ற வேண்டும். ‘நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்’ என்பது கைமாற்றம் ஆகாது.

7. வேதிப்பொருள்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் சப்ளையரிடம் கிடைக்கும். அதை அப்படியே தொழிலாளரிடம் நீட்டாதீர்கள். 2ஆம் பிரிவில் ஆபத்து, 4இல் முதலுதவி, 6இல் சிந்தினால் செய்வது, 8இல் தற்காப்பு உடை, 10இல் எதோடு சேரக் கூடாது என்பது இருக்கும். இவற்றை எடுத்து ஒரே அட்டையாக்கிப் பயன்படுத்தும் இடத்தில் மாட்டுங்கள். பெயர் வரிசைப்படி அடுக்கினால் அமிலமும் அதனோடு சேரக் கூடாததும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும், வகை பிரித்து அடுக்குங்கள். பிளீச்சோடு அமிலம் கலந்த கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறு பாட்டிலுக்கு மாற்றும்போது லேபிள் ஒட்டாமல் கையை எடுக்கக் கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றுவதற்கு முழுத் தடை.

அரிக்கும் திரவம் கையாளும் இடத்திலிருந்து 10 நொடி நடைக்குள் கண்கழுவும் குழாய் இருக்க வேண்டும். 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்பதால் சிறு பாட்டில் போதாது. வாரம் ஒருமுறை திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் துருத் தண்ணீர்தான் கண்ணில் அடிக்கும்.

8. அவசரநிலை

தீ, வாயுக் கசிவு, மின்தாக்கு, மெஷினில் சிக்கியவர், இடிந்த ரேக் என ஒவ்வொன்றுக்கும் முதல் 5 நிமிடத்தில் யார் எதைச் செய்வார் என்று எழுதுங்கள். பெயரைவிடப் பதவியை எழுதுவது நல்லது, ஆள் விடுப்பில் இருக்கலாம். மின்தாக்கு என்றால் ஆளைத் தொடும் முன் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். தீயணைப்பான் சிறு தீக்குத்தான். வெளியேறும் வழி முதுகுப்பக்கம் இருக்கும்போது மட்டும் முயலலாம். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டில் நின்று வழிகாட்டுபவர் யார் என்பதைப் பலர் எழுத மறக்கிறார்கள்.

ஒத்திகையில் ஒரு வாசலை வேண்டுமென்றே அடைத்துப் பாருங்கள். கூடும் இடத்தில் தலை எண்ணும்போது பார்வையாளர், ஒப்பந்தத் தொழிலாளர், லாரி டிரைவர் ஆகியோரின் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வெளியேறிய கட்டடத்துக்குள்ளேயே இருக்கும்.

9. பயிற்சி

வருகைப் பதிவில் கையெழுத்து இருந்தால் அவர் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று மட்டுமே பொருள். சொல்லிக்கொடுத்ததும் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். ‘செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பூட்டு நடைமுறையை ஏழாவது படியில் நிறுத்தி, ‘இப்போது டெஸ்டரில் வோல்டேஜ் காட்டுகிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் நன்றாகப் பேசும் மொழியில் பயிற்சி நடக்க வேண்டும். வேறு பிரிவிலிருந்து மாற்றி வந்தவரையும் ஒரு நாள் வேலைக்கு வந்த ஒப்பந்த ஆளையும் புதியவராகவே கருதவும்.

10. புகார், விசாரணை, சரிபார்ப்பு

அடிபடாமல் தப்பிய சம்பவங்கள் எழுத்தில் வராவிட்டால் நடைமுறையின் ஓட்டை கண்ணில் படாது. படிவம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது: எங்கே, எப்போது, என்ன நடந்தது, என்ன ஆகியிருக்கும். இரண்டு நாளுக்குள் எழுதியவருக்குப் பதில் போக வேண்டும், ‘இப்போது முடியாது, காரணம் இது’ என்றாவது. பதில் வராத பெட்டியில் இரண்டாவது சீட்டு விழாது.

‘விபத்தில்லா மாதம்’ என்று பரிசு வைப்பது பெரும்பாலும் கட்டுப்போட்ட விரலைப் பையில் மறைக்க வைக்கும். சிறு காயங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது பெரிய ஆபத்து குறைந்ததற்கு அடையாளமும் ஆகாது. 2005இல் டெக்ஸாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தபின் நடந்த விசாரணைகள் இதைத்தான் சுட்டின: கை, கால் காய விகிதத்தைப் பார்த்து, செயல்முறையின் ஆபத்தும் கட்டுக்குள் இருப்பதாக எண்ணிவிட்டார்கள்.

விசாரணையில் ‘தொழிலாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் அங்கேயே கதவு மூடிவிடும். விரல் சிக்கியது ஏன்? மறைப்பு இல்லை. ஏன்? அடைப்பு எடுக்கக் கழற்றினார். அடிக்கடி ஏன் அடைக்கிறது? ஈரமான பொருள் வருகிறது. ஏன்? உலர்த்தியின் ஹீட்டர் பழுது, ஸ்பேர் வாங்கவில்லை. இப்போது செய்ய வேண்டிய வேலை எது என்பது தெரிகிறது. அதற்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் போடுங்கள். முடிந்தது என்று சொன்ன பிறகு போய்ப் பாருங்கள்.

வாரத்துக்கு ஒரு நடைமுறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று வரி வரியாக ஒப்பிடுங்கள். காகிதமும் கையும் வேறுபடும் இடத்தில் உடனே கண்டிக்க வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். சில சமயம் அவர் செய்வதே மேலான வழியாக இருக்கும், காகிதத்தைத் திருத்துங்கள். சில சமயம் பூட்டு வைத்திருக்கும் பெட்டி இரண்டு தளம் தள்ளி இருக்கும், பெட்டியை நகர்த்துங்கள். இரண்டும் இல்லாமல் வேண்டுமென்றே மீறினால்தான் ஒழுங்கு நடவடிக்கை.

மெஷின், மூலப்பொருள், ஆள் எண்ணிக்கை, ஷிஃப்ட் நேரம், இவற்றில் எது மாறினாலும் அந்த நடைமுறையை மறுபடி பார்க்க வேண்டும்; எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். எந்தெந்தப் பேனலில் எத்தனை பிரதி ஒட்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, திருத்தம் வந்த அன்றே ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.